நிற்கவைக்கும் பட்டியல்

ஜூன் 16, திங்கள்

நாளை கல்லூரி திறக்கிறது. மகளுக்கு நான் வேலை பார்க்கும் கல்லூரியிலேயே இடம் கிடைத்திருக்கிறது. அவளுடைய முதல் வருஷக் கணக்கு வகுப்பும் என் தலையிலேயே விழுந்திருக்கிறது. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. சாயங்காலம் சமையலறையில் வைத்து ஒப்பந்தம் போட்டாள். கல்லூரிக்குள் நான் அவளுக்கு அம்மா இல்லை, அவள் எனக்கு மகள் இல்லை. வேறு வேறு பஸ். எதிரே பார்த்தால் “குட் மார்னிங் மேடம்”, அவ்வளவுதான்.

“யாருக்கும் தெரியக் கூடாதும்மா. நல்ல மார்க் வாங்கினா நீ போட்டன்னு சொல்லுவாங்க. வாங்கலேன்னா உன்னைப் பார்த்துச் சிரிப்பாங்க.”

நியாயமான பேச்சு. இவளை வக்கீலுக்குப் படிக்க வைத்திருக்கலாம்.

அதற்கு எங்கே போவது? இந்தப் படிப்பின் முதல் பாதிக் கட்டணத்திலேயே எங்கள் சேமிப்பு துடைத்து வைத்ததுபோல் ஆகிவிட்டது. இதே கல்லூரியில் நான் படித்தபோது ஒரு வருஷக் கட்டணம் அப்பாவின் நாலு நாள் கூலி. இன்று அது என்னுடைய ஏழு மாதச் சம்பளம். எனக்குச் சம்பளம் வருவதே வருஷத்தில் ஒன்பது மாதம்தான். வகுப்பு எடுத்த மணிக்குத்தான் கூலி, விடுமுறைக்குக் கிடையாது. நான் நின்று பாடம் நடத்தும் அறையில் என் மகள் உட்கார இவ்வளவு ஆகிறது.

ஜூன் 17

மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். ஒரு மணி நேரமும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கழுத்து வலிக்கிறது.

ஜூலை 8

இன்று மாட்டிக்கொள்ள இருந்தோம். கரும்பலகையில் சமன்பாடு எழுதும்போது ஒரு கழித்தல் குறியை விழுங்கிவிட்டேன். “அம்மா, மைனஸ்!” என்று ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல். வகுப்பே கொல்லென்று சிரித்தது. டீச்சரை வாய் தவறி அம்மா என்று கூப்பிடாத பிள்ளை உண்டா? அப்படித்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அவள் காது மடல் சிவக்கக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் ரொம்ப மிடுக்காக, “அம்மா எல்லாம் வீட்டுல. இங்க மேடம்” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் பையை எறிந்துவிட்டு, “மேடம், பசிக்குது மேடம்” என்றாள். அவள் அப்பா பழுது பார்க்க வந்த ஒரு ஃப்ரிட்ஜைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் ஏன் இப்படி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறோம் என்று அவருக்குப் புரிய ஐந்து நிமிடம் ஆனது.

செப்டம்பர் 3

எங்கள் பதவியின் பெயர் கௌரவ விரிவுரையாளர். ஆசிரியர்கள் இருபத்தாறு பேரில் பதினேழு பேர் கௌரவம், மீதி ஒன்பது பேர் நிரந்தரம். வரலாறு சார் எங்கள் கட்சி. இன்று சம்பளத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “காலையில கண்டக்டர்கிட்ட கௌரவத்த எடுத்து நீட்டினேன். சில்லறையா இல்லையான்னு கேக்கறான்” என்றார். எல்லோரும் சிரித்தோம்.

மணிக்கூலி ஏழு வருஷமாக ஒரே தொகைதான். வீட்டில் உட்கார்ந்து திருத்தும் நேரம் மணிக்கணக்கிலேயே சேராது. இதோ மேசையில் நூற்று முப்பது விடைத்தாள். அதைத் தொடாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். யாரை ஏமாற்றுகிறேன்?

அக்டோபர் 24, வெள்ளி

எழுத வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

இரண்டாவது மணி. பாதிப் பாடத்தில் அலுவலக உதவியாளர் வந்தார். நல்ல மனிதர், கையில் எப்போதும் ஏதாவது தாள் இருக்கும் என்பதால் அவரைத் தூதர் என்போம். இன்று அவர் கொண்டுவந்தது கட்டணம் கட்டாதவர்களின் பட்டியல். அதில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். பாடம் நடத்துகிறவர் அதை உரக்க வாசிக்க வேண்டும். எண் வந்தவர்கள் எழுந்து நிற்க வேண்டும். பிறகு பையை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போக வேண்டும். கட்டும்வரை வகுப்பு கிடையாது. எங்களுக்குள் அதற்கு நிற்கவைக்கும் பட்டியல் என்று பெயர். பதினோரு வருஷமாக வாசிக்கிறேன். யார் முகத்தையும் பார்க்காமல் கடகடவென்று வாசிப்பேன். அதையே ஒரு இரக்கம் என்று நினைத்திருந்தேன்.

ஒன்பது. இருபத்திரண்டு. முப்பத்தேழு. நாற்பத்து மூன்று.

பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. தலையைத் தூக்கினால், ஜன்னலோரத்தில் அவள் நிற்கிறாள்.

அவள் எண் முப்பத்தேழு என்று எனக்குத் தெரியாது. அறுபத்தெட்டுப் பேருக்கு எண் கூப்பிட்டால் பாதி மணி போய்விடும் என்று வருகைத் தாளைச் சுற்றவிட்டுவிடுவேன். பெரிய கணக்கு டீச்சர்! பெற்ற பிள்ளையின் எண் தெரியவில்லை.

“ஆபீஸுக்குப் போங்க” என்றேன். வழக்கமாகச் சொல்வதுதான். குரல்கூட மாறவில்லை. நாலு பேரும் போனார்கள். அவள் கதவருகில் திரும்பி, “தேங்க் யூ மேடம்” என்றாள். அதற்குப் பிறகு இருபத்தைந்து நிமிஷம் பாடம் நடத்தினேன். எப்படி முடிஞ்சுது? பெத்த பிள்ளைய வெளிய அனுப்பிட்டு எப்படிடி நடத்தின நீ?

அதே நாள், சாயங்காலம்

அடுத்த பாதிக்கு நவம்பர் கடைசிவரை நேரம் இருக்கிறது என்றுதான் நானும் அவரும் நினைத்திருந்தோம். தேதியை முன்னால் இழுத்து மாணவர்களுக்கு மட்டும் வந்த அறிவிப்பு மூன்று வாரத்துக்கு முன்பே இவள் கைக்கு வந்திருக்கிறது. மறைத்துவிட்டாள்.

“பத்து நாள் லீவு விட்டிருந்தாங்க. உனக்கு அந்தப் பத்து நாளும் சம்பளம் இல்ல. அப்ப வந்து இத எப்படிம்மா நீட்டறது?”

கொஞ்ச நேரம் கழித்து, “நான் நின்னுடறேன்மா. வேலைக்குப் போய்க்கிட்டே தபால் வழியில படிச்சுக்கறேன்” என்றாள்.

காலையில் நின்றாள், இப்போது நின்றுவிடுகிறேன் என்கிறாள். ஒரே சொல்தான். இத்தனை வருஷத்தில் இது எனக்குக் காதில் விழவே இல்லையே.

“என் வாயால ஒரு தடவ நிக்க வச்சது போதும். இந்த வீட்டுல இனி அந்தப் பேச்சு வேண்டாம்” என்று சொல்லிக்கொண்டே அழுதுவிட்டேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவளும் அவள்தான்.

அக்டோபர் 27

அவர் பைக்கை விற்றுவிட்டு வந்து நிற்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. “பஸ்ல ஏறி இறங்கினா தொப்பை குறையும்னு டாக்டரே சொல்லியிருக்காரு” என்றார். எந்த டாக்டர், எப்போது? கேட்கவில்லை. அவர் தோளில் டூல் பையின் பட்டை அழுத்திய தடம் தெரிந்தது. தேய்த்துவிட்டேன்.

கட்டணம் கட்டியாயிற்று. அவள் ஜன்னலோரத்துக்கு வந்துவிட்டாள். மற்ற மூன்று இடங்களும் காலி.

நவம்பர் 4

நாற்பத்து மூன்று வந்துவிட்டான். ஒன்பதும் இருபத்திரண்டும் வரவில்லை.

பதினோரு வருஷத்தில் எத்தனை பேரை எழுப்பியிருப்பேன்? வருஷத்துக்கு இரண்டு பட்டியல், ஒவ்வொன்றிலும் நாலைந்து பேர். திரும்பி வந்தார்களா என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஊரார் பிள்ளைகள் நின்றபோது வலிக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. இதைவிட நல்ல வார்த்தை தேடினேன், இல்லை.

நவம்பர் 6

ஆசிரியர் அறையில் சொல்லிவிட்டேன். “இனிமே அந்தப் பட்டியல நான் வாசிக்க மாட்டேன்.” ஏன் என்று சொல்லவில்லை. மகள் விஷயம் வெளியே வந்தால் சொந்த லாபத்துக்காகப் பேசுகிறாள் என்பார்கள். பாதி உண்மையும்தான்.

வரலாறு சார் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, “நானும் வாசிக்கல” என்றார். மத்தியானத்துக்குள் பதினேழு பேரும் சேர்ந்துவிட்டோம். நிரந்தரக்காரர்களில் இரண்டு பேர் தாமாகவே வந்து கையெழுத்துப் போட்டார்கள். கடிதத்தில் மூன்று விஷயம் எழுதினோம். மணிக்கூலி ஏற வேண்டும், விடுமுறைக்கும் சம்பளம் வேண்டும், பட்டியல் வகுப்புக்கு வரக் கூடாது.

நவம்பர் 19

முதல்வர் என்னையும் வரலாறு சாரையும் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். பிறகு, “பசங்க கட்டணத்த ஏத்தினாத்தான் உங்க சம்பளத்த ஏத்த முடியும். ரெண்டுல எது வேணும்னு நீங்களே சொல்லுங்க” என்றார்.

என் வீட்டுக்குள் வந்து, இந்தக் கையா அந்தக் கையா என்று கேட்பதுபோல் இருந்தது. ஆனால் கோபம் வந்தால் எனக்குக் கணக்கு நன்றாக வரும்.

“ஏழு வருஷத்துல கட்டணம் மூணு தடவ ஏறியிருக்கு சார். எங்க மணிக்கூலி ஒரு தடவகூட ஏறல. மூணு தடவ ஏறினது எங்க போச்சு? நான் கணக்கு டீச்சர், எனக்கே விடை வரமாட்டேங்குது.”

வரலாறு சார் இருமினார். அது சிரிப்பு. முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பதினோரு வருஷமா வாசிச்சீங்களே மேடம். இப்ப மட்டும் என்ன?”

இதைத்தான் கேட்பார் என்று இரண்டு வாரமாகப் பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு, “வாசிச்சது தப்பு சார்” என்றேன். “மேல பேசிப் பாக்கறேன்” என்றார் கடைசியில்.

டிசம்பர் 2

இரண்டாம் வருஷ வகுப்புக்குத் தூதர் பட்டியலோடு வந்தார். வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தேன். “வாசிக்கலையா மேடம்?” “இல்லண்ணே.” “அப்பாடா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

டிசம்பர் 3

பதினேழு பேருக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம். நல்ல தடித்த தாள். கௌரவமாகத்தான் மிரட்டுகிறார்கள்.

டிசம்பர் 16

வேலை போய்விடும் என்று பேச்சு. மகள் வந்து பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். “வாசிச்சுடும்மா. எனக்காகன்னா இந்தப் பிடிவாதம் வேண்டாம்.”

“உனக்காக இல்லடி.”

பொய் சொல்லவில்லை. ஒன்பதாம் எண்காரியின் காலி இடத்தைத் தினம் பார்த்துக்கொண்டுதான் பாடம் நடத்துகிறேன்.

என் முடியைக் கையில் எடுத்துப் பார்த்து, “நரைச்சிருக்கு மேடம்” என்றாள். அப்படியே மடியில் படுத்துத் தூங்கிவிட்டாள். கால் மரத்துப்போனது. எழுப்பவில்லை.

பிப்ரவரி 12

மேலிடத்திலிருந்து பதில் வந்துவிட்டது. மணிக்கூலி மூன்றில் ஒரு பங்கு ஏறுகிறது. விடுமுறைக்குப் பாதிச் சம்பளம். அடுத்த வருஷத்திலிருந்து கட்டணத்தை மாதாமாதம் கட்டலாம். பட்டியல் இனி வகுப்புக்கு வராது. கேட்டதில் பாதிதான் என்று சிலருக்கு வருத்தம். வரலாறு சார் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். “இது ஏறின கூலியில வாங்கினது. அதனால மெதுவாக் குடிங்க” என்றார்.

அடுத்த வருஷம் எனக்கு வாரத்தில் நாலு மணி குறைவாம். பணிச்சுமையைச் சீராக்குதல் என்று எழுதியிருக்கிறார்கள். சுமை என்று இப்போதாவது ஒப்புக்கொண்டார்களே.

மே 5

கோடை விடுமுறை, வகுப்பு இல்லை. சம்பளம் வந்தது.

ஜூன் 9, செவ்வாய்

இரண்டாம் வருஷத்துக்கு முதல் மாதக் கட்டணத்தை இன்று நானே வரிசையில் நின்று கட்டினேன். மகளும் கூடவே வந்தாள். ஒப்பந்தத்தை அவளே முறித்துவிட்டாள், எல்லோர் முன்னாலும் கையைக் கோத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து புது அடையாள அட்டையை நீட்டினாள். எண் முப்பத்தைந்து.

“முப்பத்தேழு இல்லையா?”

“எனக்கு முன்னாடி ரெண்டு பேர் நின்னுட்டாங்கம்மா. அதனால எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு குறைஞ்சிருக்கு.”

எந்த இரண்டு பேர் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் பெயரைக் கேட்டேன். சொன்னாள். ஒன்பதாம் எண்காரி இப்போது ஒரு மருந்துக்கடையில் நிற்கிறாளாம். இருபத்திரண்டு எங்கே இருக்கிறான் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியுமாம்.

மாதாமாதம் கட்டலாம் என்று வந்தது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியுமோ என்னவோ. சேர்க்கைக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். நாளைக் காலை மருந்துக்கடை திறக்கும்போதே போய்விட வேண்டும். இவளும் வருகிறேன் என்கிறாள்.