கப்பல் பெயின்ற் பூசிய கொப்பு

அன்று குருவிக் கூட்டைச் சுற்றி நின்றவர்கள் ஐந்து பேர், அக்கா. நீங்கள், நான், தம்பி செல்வராசா, அவன் பெண்சாதி புனிதம், கிண்ணியாவிலிருந்து தினை கொண்டுவந்த ஆயிஷா. ஒருவரையும் நான் மறக்கவில்லை. இன்று காலை முன்வீட்டுக்காரர் கேற்றுக்குச் சாம்பல் நிறப் பெயின்ற் அடித்தார். அந்த மணம் வந்ததும் கையிலிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டேன்.

அத்தான் வாங்கித் தந்த இரண்டு லவ்பேர்ட்ஸ். அவர் போன பிறகு நீங்கள் வாய் திறந்து கதைத்தது அவற்றோடுதான். உங்கள் கண்ணில் வெள்ளை படர்ந்திருந்ததால் கூட்டைப் பார்ப்பது என் வேலை. இருக்கும் மரத்தைக் கொறிக்காமல் அவற்றால் இருக்க ஏலாது. அதனால் கொய்யாக் கொப்பைப் பட்டையோடு வெட்டி, சுடுதண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்துப் போடுவேன். ஒன்று மெல்லிசு, ஒன்று தடிப்பு. எல்லாம் ஒரே அளவாக இருந்தால் கால் புண்ணாகும் என்பீர்கள். விளையாடச் சிரட்டைத் துண்டு கட்டினால் கயிற்றைத் தடவிப் பார்ப்பீர்கள்.

"விரல் நீளத்துக்கு மேல விடாதே. கால் சிக்கினா எனக்குத் தெரியாது. உனக்குத்தான் கண் இருக்கு."

பிசிர் விட்ட கயிற்றை வெள்ளிக்கு வெள்ளி மாற்றினேன். ஆயிஷா சிரிப்பாள்: "இந்தக் குருவிக்கு நடக்கிற கவனிப்பு எனக்கு எங்கட ஊட்டுல இல்ல புள்ள."

தம்பிக்குக் கப்பல் திருத்தும் டொக்யாட்டில் வேலை. கப்பலுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ற் எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டில்தான் இல்லை? கதிரை, அலுமாரி, யன்னல் எல்லாம் ஒரே சாம்பல். நான் வெருகல் திருவிழாவுக்குப் போயிருந்தபோது அவன் நம் வீட்டுக்கும் அடித்தான். மிச்சத்தை வீச மனமில்லாமல் கூட்டுக் கொப்புகளுக்கும் பூசினான். வடிவாக இருக்கட்டுமாம். வீடு முழுக்க அதே மணம் என்பதால் உங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

நான் வந்து இறங்கிய காலை இரண்டும் கூட்டின் அடியில் செத்துக் கிடந்தன. மேலே புதிதாக வெட்டிய பச்சைக் கொய்யாக் கொப்புகள். இவை நான் வைத்தவை இல்லையே என்று வாய் எடுக்க முன்பே தம்பி முந்திக்கொண்டான்.

"இவ வச்ச கொப்புதான் அக்கா. ஆர் கண்டது, மருந்தடிச்ச மரமோ."

நீங்கள் ஒரு குருவியை மடியில் வைத்துத் தடவியபடி, என் பக்கம் திரும்பாமலே கேட்டீர்கள். "எங்க வெட்டினனீ?"

ஆயிஷா தினைப் பையைக் கீழே வைக்காமலே திரும்பிப் போனாள்.

நான் குசினிக்குள் போனேன். விறகுக்குள் ஒரு சாம்பல் கொப்பு கிடந்தது. ஒரு பக்கம் அலகால் சுரண்டிச் சுரண்டி உள்மரம் தெரிந்தது. கப்பல் பெயின்ற் நஞ்சு, அதைத்தான் இரண்டும் தின்றிருந்தன. பின்னால் வந்த புனிதம் என் கையைப் பிடித்தாள். அவளுக்கு அப்போது ஏழு மாதம்.

"மச்சாள், சொல்லிப்போடாதேங்கோ. அக்கா எங்களை வீட்டை விட்டு எழுப்பிப்போடுவா. பிள்ளை பிறந்த உடன நானே சொல்லுறன்."

கொப்பைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு வெளியே வந்தேன். "இனிக் கூட்டடிக்கு வராதே" என்றீர்கள். கூட்டுக்குள் ஒன்றும் இல்லை, அக்கா.

பிள்ளை பிறந்தது. நடந்தது. பள்ளிக்கூடம் போனது. அவள் சொல்லவில்லை. என் கையால் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்காமலே நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். எனக்கும் வாய் இருந்தது, திறக்காதது என் பிழை. உங்களிலும் கோபம் இருக்கிறது. வெள்ளிக்கு வெள்ளி கயிறு மாற்றியவளிடம் இன்னொரு தரம் கேட்டிருக்கலாம்.

உங்கள் செத்தவீட்டில், வந்த பெண்களுக்குத் தேத்தண்ணி நீட்டியபடி புனிதம் சொன்னதை இந்தக் காதால் கேட்டேன். "கடைசிவரைக்கும் அக்கா இவவோட கதைக்கேல்லை. அந்தக் குருவியளைச் சாகடிச்சதை ஆர் மறப்பினம்?"

அந்தக் கொப்பு என் அலுமாரியில் இருக்கிறது. அலகு பட்ட இடத்தைத் தடவினால் இப்போதும் விரலில் இடறுகிறது. தம்பி தெரியாமல் பூசினான், பயத்தில் பொய் சொன்னான். அவனை விட்டுவிட்டேன். திரும்பிப் போன ஆயிஷாவையும், உங்களையும், என்னையும் ஒருமாதிரி விட்டுவிட்டேன். அன்று நின்ற ஐந்து பேரில் நான் மன்னிக்காத ஆள் ஒன்றுதான்.

புனிதம்.