சன்னாசி அண்ணனின் சட்டை

மார்ச் 9, 1943

இன்று காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் என் பெயரைக் கூப்பிடவில்லை. நேற்றே செக்ரோல் பதிவேட்டிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன். ரப்பர் பால்வெட்டும் கத்தியையும் வாளியையும் கங்காணியிடம் ஒப்படைத்தாயிற்று. கெமாஸ் ஸ்டேஷனை ஒட்டி ஜப்பான்காரன் நடத்தும் மரக் கம்பெனியில் எனக்குக் கணக்கெழுதும் கிராணி வேலை. கையெழுத்தும் சிவப்பு முத்திரையும் போட்ட கடிதம் பெட்டியில் இருக்கிறது. எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று எழுத மாட்டேன்.

பக்கத்து வீட்டுச் சன்னாசி அண்ணன் தன் கல்யாணச் சட்டையைக் கொடுத்தார். இந்தக் காலத்தில் துணி எங்கே கிடைக்கிறது? எங்கள் லயத்து வீடுகளில் பாதிப் பேர் சாக்கைத்தான் கட்டியிருக்கிறோம்.

"கிராணின்னா வெள்ளச் சட்டை வேணும்லடா. போட்டுக்க. எங்கள மறந்துடாதலா."

அவர் மனைவி பஞ்சாலை அக்கா மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கட்டிக் கொடுத்தாள். தாய் தகப்பன் இல்லாதவனை வழியனுப்ப லயமே வந்து நின்றது.

மார்ச் 10

வேலை இல்லை.

மார்ச் 11

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை. கையெழுத்துப் போட்ட துரை மாறிப் போய்விட்டாராம். புதிதாக வந்தவர் என் கடிதத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். அவ்வளவுதான். அங்கிருந்த கிராணி பெர்னார்ட் என் சட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "கிராணி வேணாங்கிறாரு. விறகு ஏத்த ஆளு வேணுமாம். நிக்கிறியா?"

கையெழுத்துப் போட்டுத்தானே குடுத்தான்? அப்புறம் எதுக்கு அந்தக் கையெழுத்து?

தோட்டம் பன்னிரண்டு மைல்தான். எந்த முகத்தோடு திரும்பிப் போவது — நிற்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 2

சட்டையை மடித்து வைத்துவிட்டேன். இடுப்பில் பழையபடி சாக்கு. இங்கே யாரும் என் பெயரைக் கேட்கவில்லை. "ஏய் விறகு" என்றால் நான் திரும்ப வேண்டும். திரும்புகிறேன்.

ஏப்ரல் 25

தோட்டத்துக்குச் சீட்டு எழுதி அனுப்பினேன். 'கிராணி வேலை சுகமாக இருக்கிறது.' அடப் பாவி.

ஜூன் 6

சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடிக்கிறார்கள். இன்று வந்த லாரிகளில் எங்கள் தோட்டத்து ஆட்கள். ஸ்டேஷனில் நின்ற சரக்கு ரயில் வண்டியில் அடைத்தார்கள். உள்ளேயிருந்து சன்னாசி அண்ணனின் குரல்:

"எங்க தோட்டத்துப் பையன் இங்க கிராணியா இருக்கான். அவனக் கூப்பிடுங்க. எப்ப திரும்புவோம்னு அவனுக்குத் தெரியும். தங்கராஜு! டேய் தங்கராஜு!"

மூன்று மாதத்தில் முதல் தடவையாக என் பெயர் காதில் விழுந்தது. நான் விறகு அடுக்குக்குப் பின்னால் சாக்கோடு உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை. வண்டி நகரும் வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

எனக்கு மட்டும் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஒரு வாய் தண்ணீராவது கொடுத்திருக்கலாம்.

ஜூன் 9

தோட்டத்துக்கே வந்துவிட்டேன். கங்காணி எதுவும் கேட்கவில்லை. வெட்டுக்கு ஆளில்லாமல் தவிக்கிறார். "ஜப்பான்காரன் புதுப் பேரு எழுதவுட மாட்டான். சன்னாசி பேரு இன்னும் செக்ரோல்ல இருக்கு, அதுல நில்லு" என்று கத்தியைக் கொடுத்தார்.

பஞ்சாலை அக்காவிடம் சட்டையை நீட்டினேன். வாங்குமுன் கேட்டாள்: "டேசன்ல அவரப் பாத்தியா தம்பி? கெமாஸ்ல தங்கராஜு இருக்கான், பயப்படாதன்னு சொல்லிட்டுத்தான் லாரியில ஏறுனாரு."

எல்லாவற்றையும் சொன்னேன். சட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்லப்பா."

ஜூன் 10

காலைப் பெரட்டு. பஞ்சாலை அக்கா பெண்கள் வரிசையில் நின்றாள். கங்காணி "சன்னாசி" என்று கூப்பிட்டார்.

"இருக்கேன்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.