என்ன விசேஷம்?

மார்ச் 4, புதன்

நாளை மெனு மாறுகிறது. எங்கள் உணவகத்தில் அது வாரா வாரம் மாறும். போன முறை சாப்பிட்டதைத் தேடி வருகிறவர்களிடம் ‘அது இப்போ இல்லீங்க’ என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது. இவருக்கென்ன, சமையலறையில் மகாராஜா. இன்று பேரிக்காயைத் தேனில் வேகவைத்து நாலு விதமாக ருசி பார்க்கக் கொடுத்தார். நாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 7, சனி

தங்கை போன் செய்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை, அவளுக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரு மேசை வேண்டுமாம். மேசை கேட்கிற எல்லோரிடமும் கேட்பதை அவளிடமும் கேட்டுத் தொலைத்தேன்.

“என்னடி விசேஷம்?”

பிறந்தநாளா, கல்யாண நாளா என்று தெரிந்தால்தான் கடைசியாக வரும் இனிப்பை இவர் அதற்கேற்ப அலங்கரிப்பார். ஆனால் கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். கல்யாணமாகி இந்த ஒன்பது வருஷமாக, போகிற இடமெல்லாம் அவளைக் குத்துகிற கேள்வி.

அவளோ சிரித்தாள்! “விசேஷம்தான்க்கா. நேர்ல சொல்றேன்.”

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மார்ச் 8

இவரிடம் சொன்னேன். “அவ வாயால சொல்லட்டும், பொறு” என்றார்.

பொறுப்பதா, நானா? அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டேன்.

மார்ச் 12

சாக்லேட்டில் ஒரு ஜோடி குழந்தைக் காலணி. முணுமுணுத்துக்கொண்டேதான் இவர் செய்தார். முடித்த பிறகு அவரே நாலைந்து தடவை பெட்டியைத் திறந்து பார்த்தார். நாளை அம்மா சமையலறையில் ஒளிந்திருப்பாள். சரியான நேரத்தில் நான் கூப்பிட வேண்டும்.

மார்ச் 13

எழுத முடியவில்லை.

மார்ச் 15

வெள்ளிக்கிழமை இருவரும் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டார்கள். இத்தனை வருஷத்தில் அவளை அப்படி நான் பார்த்ததில்லை. இனிப்பை நானே கொண்டுபோய் வைத்தேன். காலணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் கூப்பிடுவதற்குள் அம்மா அழுதுகொண்டே ஓடிவந்து அவள் வயிற்றைத் தடவினாள். பக்கத்து மேசைக்காரர்கள் கைதட்டினார்கள்.

“ட்ரீட்மெண்ட்டை நிறுத்திட்டோம்க்கா,” என்றாள். “நாங்க ரெண்டு பேரும் போதும்னு முடிவு பண்ணிட்டோம். இனிமே ஊசி இல்ல, மாத்திரை இல்ல. அதைக் கொண்டாடத்தான் வந்தோம்.”

அம்மா அத்தனை பேர் நடுவில், “யாரைக் கேட்டுடி நிறுத்தினே?” என்றாள்.

தங்கை வீட்டுக்காரர் மடியிலிருந்த கைத்துண்டை எடுத்துத் தட்டை மூடினார். இருவரும் எழுந்து போய்விட்டார்கள்.

என்னையே கேட்டுக்கொள்கிறேன்: ஏன்டி உனக்கு இந்த அவசரம்? அவ சந்தோஷமாத்தானே வந்தா — என்ன சந்தோஷம்னு அவளைச் சொல்ல விட்டியா?

மார்ச் 19

தங்கை போனை எடுக்க மாட்டேன் என்கிறாள். மெனு மாறிவிட்டது.

இப்போதெல்லாம் எத்தனை பேர், எத்தனை மணிக்கு, அவ்வளவுதான் கேட்கிறேன். “அலங்காரத்துக்கு என்ன பண்றது?” என்று இவர் கேட்டார். ஒன்றும் பண்ண வேண்டாம் என்று எரிந்து விழுந்தேன். அவர் என்ன செய்வார், பாவம்.

ஏப்ரல் 12, ஞாயிறு

சொல்லாமல் கொள்ளாமல் அவள் வீட்டுக்குப் போனேன். குழந்தைக்கென்று இத்தனை வருஷமாகச் சும்மா போட்டு வைத்திருந்த சின்ன அறைக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். இனி அவள் வேலை செய்ய அந்த அறையாம்.

“மன்னிச்சிடுடி.”

“சும்மா நிக்காத. அந்த மூலையை அடி.”

இருட்டும்வரை அடித்தோம். நடுவில் ஒரே ஒரு தடவை, சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “நீ மட்டும் தப்பா நினைச்சிருந்தா சிரிச்சிருப்பேன்க்கா. அம்மாகிட்ட ஏன் சொன்னே?”

நான் தூரிகையை மறுபடி வண்ணத்தில் முக்கினேன்.

வாசல்வரை வந்தாள். “அடுத்த ஞாயிறு இன்னொரு தடவை அடிக்கணும். பழைய துணி போட்டுக்கிட்டு வா,” என்றாள். பிறகு, “சாப்பிட்டுட்டு வந்துடு.”

கூடப் பிறந்தவளிடம் சொல்கிற வார்த்தையா அது?

கூப்பிட்டாளே, அதுவே போதும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். போதவில்லை.