தொட்டிக்கு மேல் தகரம்

ஓகஸ்ட் 12, செவ்வாய்

கோபம் இன்னும் அடங்கவில்லை. இரத்தோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் ஆறு பிள்ளைகளுக்கு மறுபடியும் வயிற்றுப்போக்கு. மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரைச் சுத்தமாக்கத்தான் போன மாதம் அங்கே கண்ணாடி மூடிய தொட்டி வைத்தார்கள். உள்ளே பூசிய டைட்டானியம் ஒக்சைட் நுண்துகள்மேல் வெயில் பட்டால்தான் கிருமி சாகும். இலைக்கு வெயில் வேண்டும் அல்லவா, அதைப் போல. இன்று போய்ப் பார்த்தால் தொட்டிக்கு மேல் தகரக் கூரை.

"யாருங்க இதைப் போட்டது?" என்று கத்திவிட்டேன்.

"நாங்கதான் சேர்," என்றார் கோயில் தலைவர் பெருமாள். "கோயில் பந்தல் தகரம். வெயில்ல கண்ணாடி வெடிச்சிறக் கூடாதுல்ல."

"வெயில் படாட்டி அது வெறும் தொட்டிங்க. அழுக்குத் தண்ணியத்தான் இவ்வளவு நாளும் குடிச்சிருக்கீங்க."

"திறப்பு விழாவுல நீங்கதானே சேர் சொன்னீங்க, கைப்பிள்ளை மாதிரி பாத்துக்கங்கன்னு. கைப்பிள்ளைய வெயில்லயா போடுவாங்க?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். தகரத்தை நானே பிடுங்கி எறிந்தேன். உள்ளங்கையில் கீறல், எழுதும்போது வலிக்கிறது.

அந்தத் தொட்டியைத் தமிழில் விளக்கத்தான் விஞ்ஞான ஆசிரியரான என்னை விழாவுக்குக் கூப்பிட்டார்கள். இலை என்று சொல்லியிருக்க வேண்டும். கைதட்டலுக்காகப் பிள்ளை என்றேன்.