ஐஸ் பெட்டிக்குள் கம்பளி

ஜன. 9, வெள்ளி
காலையில் பனிமூட்டம். இவர் போய்விட்டார். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி வாசலிலேயே. மத்தியானம் ஐஸ் பெட்டி வந்தது. ஜெபா கனடாவிலிருந்து வரும்வரை வைத்திருக்க வேண்டும். ஒரே பிள்ளை.

பனியன் கம்பெனியில் அயர்ன் டேபிள் ஆவியிலேயே நின்ற மனுஷன். மழைக்காலத்தில் ஃபேன் போட்டால் சண்டைக்கு வருவார். அவரைக் கொண்டுபோய் ஐஸில் வைத்திருக்கிறேன்.

ஜன. 10, சனி
சூப்பர்வைசர் போன். ஷிப்மென்ட் முடிந்ததும் எல்லோரும் வருவார்களாம். டீ போடப் பால் வாங்கவில்லை.

பெட்டியின் கண்ணாடி முழுக்க நீர். உள்ளே அண்ணனுக்கு மூச்சு ஓடுகிறது என்று இவர் தங்கச்சி ஒரே அழுகை. கையைப் பிடித்துக் கண்ணாடியைத் தொடவைத்தேன். ஈரம் நம் பக்கம்தான். அழ வந்தவர்கள் விட்ட மூச்சு அங்கே படிந்து நீராகிறது. பனியன் வேஸ்ட் எடுத்துத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க மறுபடியும்.

அடியில் சொட்டும் தண்ணீருக்கு ஒரு வாளி. எங்கே ஊற்றுவதென்று தெரியவில்லை. வீட்டுக்காரம்மா முருங்கை அடியைக் காட்டினார்.

சாயங்காலம் மூடியைத் திறந்து, அவருடைய கம்பளியைக் கழுத்துவரை போர்த்திவிட்டேன். கொஞ்சம் நிம்மதி.

ஜன. 11, ஞாயிறு
ஜெபா போன். அங்கே பனி கொட்டி விமானம் தாமதம். நாளைக்குத்தான். "எம்மா, அப்பா மொகத்தப் பாத்துருவேன்லா?" பார்த்துவிடலாம் என்றேன்.

மத்தியானம் பெட்டிக்காரத் தம்பி வந்தார். கம்பளியைக் கண்டதும் முகம் மாறியது.

"போத்துனா குளிரு உள்ள எறங்காதுங்கக்கா. சூடு அங்கயே நின்னுக்கும். ஒடம்பு தாங்காதுங்க."

கழுத்தோரம் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. முகத்துக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்றார். கம்பளியின் மேல்பக்கம் பனி கட்டி விறைப்பு, உள்பக்கம் மெத்தென்று. குளிரக் கூடாது என்று போர்த்தியவளே, குளிரட்டும் என்று உருவினேன். பாவி நான். பிள்ளை வரும்வரை அந்த முகம் இருக்க வேண்டும்.

வாளி நிரம்பிவிட்டது. ஊற்றினேன்.

ஜன. 12, திங்கள்
நல்ல வெயில். ஜெபா வந்துவிட்டான், அந்த ஊர் ஜாக்கெட்டோடு. பெட்டியின் கரண்டை நிறுத்தி மூடியை எடுத்தார்கள். முகம் அப்படியே. இமையில் பொடிப்பனி. கன்னத்தைத் தொட்டவன் கையை வெடுக்கென்று எடுத்தான்.

"எம்மா, அப்பா குளிரு தாங்கமாட்டாவளே."

ஜாக்கெட்டைக் கழற்றினான். நான் பெட்டிக்காரத் தம்பியைப் பார்த்தேன்.

"இனிப் போத்தலாமுங்கக்கா."