கட்டிக்குப் புளிப்பு ஊட்டியவன்

அன்புள்ள குட்டி விஞ்ஞானிக்கு,

உன் மாமா எழுதுவது. முதலில் என் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேறு யார் மூலமாவது கேள்விப்பட்டால் இன்னும் கேவலம். உன் அக்கா படுத்திருக்கிற புற்றுநோய் வார்டு முழுக்க எனக்கு இப்போது 'எலுமிச்சைக்காரர்' என்றுதான் பெயர்.

காரணம் நீதான். போன தடவை போனில் உன் ஆராய்ச்சியை விளக்கினாயே. புற்றுக்கட்டியைச் சுற்றி ரத்தத்தைவிடக் கொஞ்சம் அமிலம் கூடுதலாம். மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத உறையில் வைத்து ஊசி போட்டால், மற்ற இடமெல்லாம் மூடியே சுற்றிவிட்டு, அந்த அமிலம் பட்ட இடத்தில் மட்டும் உறை பிரிந்து மருந்தைக் கொட்டுமாம். என்னைப் போன்ற பேட்டரிக் கடைக்காரனிடம் போய் அமிலத்தைப் பற்றிப் பேசலாமா? என் சட்டை ஓட்டைகளைக் கேட்டால் அதன் குணத்தைச் சொல்லும். உன் மருந்து வருவதற்குள் கட்டியை நன்றாகப் புளிக்க வைத்துத் தயார் செய்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன். சரக்கு வருமுன்னே இடத்தை ஒழித்து வைக்கிற கடைக்கார மூளை!

காலையும் மாலையும் உன் அக்காவுக்கு எலுமிச்சைச் சாறு. சர்க்கரை போட்டால் வீரியம் போய்விடும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. இப்போது அவளுக்கு ஏற்றுகிற மருந்தோ நல்லது கெட்டது பார்க்காமல் உடம்பெல்லாம் பாய்கிறது. முடி போனது உனக்குத் தெரியும். நகமும் கறுத்துவிட்டது. வாய் முழுக்கப் புண். அந்தப் புண்ணில்தான் ஊற்றியிருக்கிறேன். "தங்கச்சி சொன்னாளா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குடித்தாள். டம்ளரை நீட்டும்போது, "இத்தனை வருஷம் பேட்டரி கழுவினது போதாதா, இப்ப என் வாயையும் கழுவுறீங்களா?" என்று ஒரு குத்தல் வேறு.

இதைப் போய் டாக்டரம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாய் வழியாக எவ்வளவு புளிப்பு போனாலும் உடம்பு ரத்தத்தின் அமில அளவை மாற விடாது, கட்டி தனக்கு வேண்டிய அமிலத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், உங்கள் ஒத்தாசை தேவையில்லை என்றார். பின்னால் நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "பாவங்க அந்த அக்கா. உப்புத் தண்ணியில வாய் கொப்பளிச்சாலே எரியுதுன்னு அழுவாங்க" என்றாள். என் முன்னால் அவள் ஒருநாளும் அழவில்லை, குட்டி.

உன் மருந்து இன்னும் எலிகளைத் தாண்டவில்லை என்றாய். மனிதர்களுக்கு வர வருஷக்கணக்காகும் என்று டாக்டரம்மாவும் சொல்லிவிட்டார். எல்லாம் புரிகிறது. புரிந்துகொண்டேதான் கேட்கிறேன்: உன் கூண்டில் ஒரு எலிக்கு இடம் காலி இருக்குமா? உன் அக்காவும் அந்த எடைக்குத்தான் வந்துகொண்டிருக்கிறாள். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். உங்கள் பெரிய சாரிடம் நான் பேசிப் பார்க்கட்டுமா? காலில்கூட விழுகிறேன். என் முட்டிக்கு, திரும்பத் தூக்கிவிட மட்டும் ஒரு ஆள் வேண்டும்.

உன்னை வர வேண்டாம் என்கிறாள். "அவ வேலையக் கெடுக்காதீங்க. அவ அங்க இருந்தாத்தான் மருந்து சீக்கிரம் வரும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நான் கடையைப் பூட்டிவிட்டு வார்டிலேயே கிடக்கிறேன். என் இருமலைக் கேட்டே துப்புரவு செய்கிற அம்மா "எலுமிச்சை இன்னும் இங்கதான் இருக்கு" என்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு. கண் விழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ செய்கிற உறை பிரிய வேண்டிய இடத்தில் பிரியட்டும். எங்கேயாவது ஒருத்தி வாய் புண்ணாகாமல் பிழைக்கட்டும். உன் கை நன்றாக இருக்கட்டும்.

என்றும் உன் நலம் நாடும்,
மாமா

பி.கு.: உன்னை வர வேண்டாம் என்றது உன் அக்கா இல்லை, நான்தான். அவள் கண் திறந்து பேசி ஒரு வாரம் ஆகிறது.