குறைத்து வைத்த எலும்பு

தெரணியகலை,
12.06.2003

அன்புள்ள அத்தானுக்கு,

கட்டார் வெயிலிலும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். பதறாமல் வாசியுங்கள். நான் தோட்டத்தில் றப்பர் பால் வெட்டப் போயிருந்த நேரம் நம் மகள் தனுஷிகா கொய்யா மரத்திலிருந்து விழுந்து, வலது தொடை எலும்பு முறிந்துவிட்டது. இடுப்பு வரை பிளாஸ்டர் போட்டிருக்கிறார்கள். முறிந்த முனைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பதால் கால் சற்றுக் குட்டை. டொக்டர் றஊப்பிடம் கேட்டேன். "வேணுமின்டேதான் அப்பிடி வெச்சிருக்கம். ஆறு வயசுப் புள்ள. எலும்பு ஆற ரத்தம் கூட ஓடும், அதால மத்தக் காலவிட வேகமா வளரும். இப்ப சரியா வெச்சா பொறகு நீண்டு போகும்" என்றார்.

அன்புடன்,
தர்மிளா

தோஹா,
03.07.2003

தர்மிளாவுக்கு,

எலும்பை யாராவது குறைத்து வைப்பார்களா? அவர் சொன்னதை நம்பிக்கொண்டு வந்திருக்கிறாய். நீ வீட்டில் இருந்திருந்தால் பிள்ளை மரம் ஏறியிருப்பாளா? பிளாஸ்டர் வெட்டியதும் ருவான்வெல்லையில் விஜயகலா அக்காவிடம் கொண்டுபோய் விடு. அக்கா வளர்க்கட்டும்.

கஜேந்திரன்

தெரணியகலை,
25.08.2003

அன்புள்ள அத்தானுக்கு,

பிளாஸ்டர் வெட்டியாயிற்று. எக்ஸ்ரேயில் முறிந்த இடத்தைச் சுற்றிப் புது எலும்பு பாக்குப் போலத் திரண்டிருக்கிறது. இப்போதைக்கு அதுதான் பாரம் தாங்குமாம். வளர வளரக் கரைந்து சமமாகுமாம். நொண்டித்தான் நடக்கிறாள். ஆனாலும் அவளை அனுப்ப மாட்டேன். நீங்கள் அனுப்பும் காசு கடனுக்கே போகிறது, நான் வேலைக்குப் போகாவிட்டால் இந்த லயத்து வீட்டில் அடுப்பு எரியாது என்பது உங்களுக்குத் தெரியும்.

தர்மிளா

தோஹா,
10.12.2003

என் தங்கம் தனுஷிகாவுக்கு,

கால் வலிக்கிறதா? முட்டை சாப்பிடு. மரம் ஏறாதே. உன் காலுக்குப் போடச் சிவப்புச் சப்பாத்து வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்பு அப்பா

தெரணியகலை,
20.02.2005

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று டொக்டர் இரண்டு காலையும் அளந்தார். சமம். பள்ளிக்கூட ஓட்டப் போட்டியில் தனுஷிகா மூன்றாவதாக வந்தாள். உங்கள் அக்கா வந்து, அவளை நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் பாத்திருக்க புள்ள" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒன்றரை வருடமாக அவளுக்கு மட்டும்தான் எழுதுகிறீர்கள். அவளுக்கு இன்னும் சரளமாக வாசிக்க வராததால் நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். ஒவ்வொரு முறையும் கடைசி வரியில், 'அம்மாவைக் கேட்டதாகச் சொல்' என்று நானே சேர்த்து வாசிக்கிறேன்.

இப்போது எழுத்துக் கூட்டப் பழகிவிட்டாள். அடுத்த கடிதத்தை அவளே வாசிப்பாள்.

தர்மிளா